வரைபடத்தில் நகர்ந்த புள்ளி

புள்ளி இடம் மாறியிருந்தது.

நிலாவெளிக் கடலுக்கு எந்த வழியாகப் போவது, போகிற வழியில் சிகிரியாவைப் பார்ப்பதா வேண்டாமா என்று போனில் வரைபடத்தை விரலால் தள்ளிக்கொண்டிருந்த தர்ஷிகா, முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். புள்ளிக்கு மேலே தங்கை துஷ்யந்தியின் சின்னப் படம். அவள் இருக்குமிடத்தைக் காட்டுவது. போன வருஷம் ஹேவாஹெட்ட பக்கம் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளை மூடிய நாளிலிருந்து அது அதே இடத்தில்தான் கிடந்தது. உடலும் கிடைக்கவில்லை, போனும் கிடைக்கவில்லை. புள்ளியை அழிக்க இவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது அது தோட்டத்தை விட்டு வெளியே, தார் ரோட்டில் நின்றது.

வேன் பேசுவதற்காகப் பிலிமத்தலாவைக்குப் போயிருந்த கணவன் திலீபனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, தங்கச்சி போன் நகருதுங்க."

"நெட்வொர்க் கோளாறா இருக்கும், தர்ஷி. அதையே பாத்துக்கிட்டு இருக்காத. கடலப் பாத்தா மனசு ஆறும்னுதானே கெளம்புறோம். வேன் சரியாயிருச்சு, வந்துர்றேன்."

ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. அம்பிட்டியவில் சரிவோடு ஒட்டிக்கிடந்த அவர்களுடைய வீட்டின் தகரத்தில் மழை ஒரே சீராக இறங்க, பின்சுவருக்கு அப்பால் வடிகால் கானில் தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு ஓடுகிற சத்தமும், அதற்கும் அடியில் யாரோ வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல இன்னொரு சத்தமும் கேட்டன.

புள்ளி இவர்கள் வீட்டுப் பக்கமாக, தலாத்துஓயா வரை வந்திருந்தது. பஸ் வரும் வேகமில்லை. ஆள் நடக்கும் வேகமுமில்லை.

திலீபனிடம்கூட அவள் சொல்லாதது ஒன்று இருந்தது. மலை சரிவதற்குச் சற்று முன், அன்று சாயங்காலம் துஷ்யந்தி போனில் பேசினாள். "அக்கா, மலையில என்னமோ சத்தம் கேக்குது. பயமா இருக்கு. அங்க வந்துறவா?" வீட்டில் விருந்தாளிகள். "காலையில வாடி," என்று சொல்லிவிட்டு இவள் போனை வைத்தாள்.

புள்ளி அம்பிட்டியச் சந்தியில்.

ஈர மண் வாடை வந்தது. மழை மண்ணின் வாடை இல்லை. ஆழத்தில் தோண்டினால் வருமே, வேரும் இரும்பும் அழுகலும் கலந்தது, அது. கதவு இடுக்கு வழியாக வந்து தொண்டையில் ஒட்டியது.

போனை மேசையில் கவிழ்த்தாள். மறுபடி எடுத்தாள்.

புள்ளி வீட்டுக்குக் கீழே. படிக்கட்டு தொடங்குமிடத்தில்.

சளக்.

நின்றது.

சளக்.

கரண்ட் போனது.

திலீபனைக் கூப்பிட்டாள். லைன் போகவில்லை. பின்கதவு வழியாக ஓடிவிடலாம். ஓடவில்லை. அழுகைதான் வந்தது. இன்னொரு முறை அவளை வெளியே நிற்க வைக்க முடியாது. தடவித் தடவிப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள்.

"வாடி," என்றாள்.

மின்னல் வெட்டியது.

வாசலில் துஷ்யந்திதான். முடியெல்லாம் சேறு இறுகிக் கல்லாகியிருந்தது. அவளுடைய ஒரு கையை ஒரு குழந்தை பிடித்திருந்தது. குழந்தையின் கையை அதன் அம்மா. அவளுக்குப் பின்னால் இன்னொருவர். படிக்கட்டு நெடுக, கீழே ரோடு வரை, கைகோத்தபடி, அந்த லயம் முழுவதும். கண்கள் இருந்த இடங்களில் மண். அத்தனை முகங்களும் மேலே நிமிர்ந்திருந்தன.

காலியாக இருந்த மறுகையைத் துஷ்யந்தி அக்காவிடம் நீட்டினாள்.