பச்சைக் கூழ்

வளர்பிறை நகரத்தில் ஆபீஸ் விட்டதும் எல்லோரும் கூழாகிவிடுவார்கள்.

அதில் யாருக்கும் கூச்சமில்லை. நிலவின் தென்துருவத்தில் பகலெல்லாம் சுரங்க யந்திரங்களோடு மாரடித்துவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துக்கொண்டு, தாவறைக்குள் போய்க் கண்ணை மூடினால் உடம்பு கலைந்து தொட்டியில் வழியும். பூமிக்குப் போவது உடம்பு அல்ல, உடம்பின் கணக்கு. எந்த அணு எங்கே இருந்தது, பழனியில் போட்ட மொட்டை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, மனைவி மீது எத்தனை கோபம் மிச்சம் என்பது உட்பட அத்தனையும் ஒளியாகப் பாயும். அங்கே உள்ள தொட்டியிலிருந்து அதே அளவு அணுக்கூழை எடுத்து ஆளை அச்சு மாறாமல் வார்த்துவிடுவார்கள். கண்ணைத் திறந்தால் அருப்புக்கோட்டை. வீட்டில் பணியாரம் சூடாக இருக்கும்.

பஸ்ஸில் தொங்கி, டிராஃபிக்கில் வெந்து, ‘கண்ணை மூடித் திறந்தா வீட்டுல இருக்கணும்’ என்று ஏங்கியே செத்துப்போன முப்பாட்டன்மார்களின் ஆசை ஒருவழியாக நிறைவேறியிருந்தது.

தாவறை வந்த புதிதிலேயே யாரோ ஒருவர் கேட்டார்: “எனக்கு முன்னாடி போனவன் யாரு? அவன் கூழை எடுத்தா என்னைச் செய்யறீங்க?”

விஞ்ஞானிகள் சிரித்தார்கள். அணுவுக்குத் தாய் தகப்பன் கிடையாது என்றார்கள். ஒரு வாரம் தாவறைகள் ஈ ஓட்டியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். கம்பெனி ஊருக்கு ஊர் மூன்று கதவு வைத்தது. மஞ்சள், பச்சை, நீலம். ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி, தனி இருப்பு. ‘வண்ண வசதித் திட்டம்’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள். என்ன வசதி, யாருக்கு வசதி என்று எந்த விளம்பரத்திலும் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் புரிந்தது. மஞ்சளிலும் பச்சையிலும் சேராதவர்களுக்கு நீலம். அதன் பெயர் பொதுக் கதவு.

தென்னரசு பச்சை. வெறும் பச்சை அல்ல, பச்சைக் கதவுப் பயணிகள் நலச் சங்கத்தின் தலைவர். ‘நீலத் தொட்டியில் ஒருமுறை வார்க்கப்பட்டவர் மறுபடி பச்சைக் கதவில் நுழையக்கூடாது’ என்ற தீர்மானம் அவர் கொண்டுவந்ததுதான். உடம்பே நீலமாகிவிட்ட பிறகு எப்படி உள்ளே விடுவது என்று அவர் மேடையில் கேட்டபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அப்படிப்பட்டவர் இப்போது பச்சைக் கதவின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவின் மேல் பலகை சொன்னது: *அருப்புக்கோட்டை, பச்சை. இருப்பு போதாது.*

ஊரில் குலதெய்வக் கொடை விழா. தலைவர் என்ற முறையில் நிலவில் இருந்த தம் ஊர்ப் பச்சைக்காரர்களை எல்லாம் ஆள் ஆளாகக் கணக்குப் பார்த்து அனுப்பி வைத்தவரே அவர்தான். எல்லோரும் போய் இறங்கிய பிறகு கடைசியாகத் தான் போவதாகத் திட்டம். போன கூட்டம் மொத்தத்தையும் அங்கே வார்த்ததில் பச்சைத் தொட்டி வழித்துத் துடைத்த சட்டியாகிவிட்டது. யாராவது ஊரைவிட்டு வெளியே கிளம்பினால்தான் அவர்களுடைய கூழ் தொட்டியில் சேரும். ஆனால் காப்புக் கட்டியாகிவிட்டது. கொடை முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

மதுரை, விருதுநகர், தூத்துக்குடி எல்லா இடத்திலும் அதே கதைதான். சென்னையில் இறங்கலாம். இறங்கி? பஸ்ஸும் ரயிலும் பழைய இரும்புக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. புதுக்கூழ் ஊற்றச் சொல்லலாம் என்றால், அது எவன் வீட்டுக் கூழ் என்று சங்கம் கேட்கும். போன வருஷம் கேட்டது. கேட்டதும் தென்னரசுதான்.

இவ்வளவுக்கும் நடுவில்தான் அம்மா விழுந்துவிட்டாள்.

உள்ளங்கைத் திரையில் தங்கை பூங்கோதையின் முகம் தெரிந்தது. பின்னால் கட்டிலில் அம்மா. மூக்கில் குழாய். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் பொழுது சாய்ந்தால் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“எங்கண்ணே இருக்க இன்னும்?”

“தாவறைலதான் இருக்கேன். தொட்டில இருப்பு இல்லங்கறான்.”

“பாலை வாயில விட்டா துப்பிருது. நீ வந்து ஊத்தணுமாம். அரசு வந்துட்டானா, அரசு வந்துட்டானான்னு இதே பாட்டு.”

“சித்தப்பாகிட்ட சொல்லு. ரெண்டே ரெண்டு பேர் வெளிய கிளம்புனா போதும், நான் வந்துருவேன்.”

“சொல்லாம இருப்பனா? கால்லயே விழுந்துட்டேன். காப்புக் கட்டுனவன் எல்லையைத் தாண்டுனா சாமிக் குத்தமாம். ‘அரசு நல்லவன்தாம்மா, அதுக்காக எங்க குடும்பம் நாசமாப் போகவா’ன்னு கேக்காரு.”

“நீயாச்சும்...”

“நான் காப்பை அத்து வீசிட்டுக் கிளம்ப ரெடி. என் எடை என்ன, உன் எடை என்ன? என்னைக் கரைச்சு ஊத்துனா உனக்கு இடுப்பு வரைக்குந்தான் வரும்.”

தென்னரசு தன் தொப்பையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். இன்னொரு ஆள் சேர்ந்தால் போதும். அந்த இன்னொரு ஆள் கிடைக்கவில்லை.

பூங்கோதை குரலைத் தணித்தாள். “அண்ணே, நீலக் கதவுல வந்துரு.”

“என்னடி பேசுற?”

“அங்க கூழ் தளும்புது. கூட்டமே இல்ல. கண்ணை மூடித் திறக்குற நேரம். அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள நீ மூடித் திறந்துரு.”

“நான் சங்கத் தலைவர்டி. அந்த வாசல்ல நான் வெளிய வந்தா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? எம் மகளை நாளைக்கு எவன் வந்து கேப்பான்?”

“கேக்காட்டிப் போறான். பெத்தவ கேக்கா இங்க.”

“எல்லாத்துக்கும் மேல, நீலமா வந்து நிக்குறவனைச் சித்தப்பா கொள்ளி வைக்க விடுவாரா? அதையும் யோசிக்கணும்ல?”

பூங்கோதை நிதானமாகச் சொன்னாள். “உசுரோட இருக்கிறவளுக்குப் பால் ஊத்த வான்னா, நீ கொள்ளிக்குக் கணக்குப் போடுற. நல்லா இருண்ணே.”

திரை அணைந்தது.

தென்னரசு எழுந்து நடந்தார். நீலக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே வெளிச்சமாக, சுத்தமாக, ஆளில்லாமல். அதன் வாசல் வரைக்கும் போனார். கால் ஒன்றைத் தூக்கினார். பச்சை வரிசையில் தன்னைப் போலவே காத்திருந்த ஒருவர், “தலைவரே, பாத்ரூம் அந்தப் பக்கம்” என்றார். தென்னரசு, “ஆமாமா” என்று தலையாட்டிவிட்டு, அவசியமே இல்லாமல் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

திரும்பி வந்தபோது உள்ளங்கை அதிர்ந்தது.

“அம்மா போயிருச்சுண்ணே.” பூங்கோதை அழவில்லை. “சாவு விழுந்ததும் கொடையை நிறுத்திட்டாங்க. காப்பு அவுத்தாச்சு. வெளியூர்க்காரங்கல்லாம் நம்மூர்த் தாவறைக்குத்தான் ஓடுறாங்க. இப்பத் தொட்டி ரொம்பிரும். மெதுவா வா.”

சிறிது நேரத்தில் பலகையில் எழுத்து மாறியது. *அருப்புக்கோட்டை, பச்சை. பயணிக்கலாம்.*

தென்னரசு நேராக நிலைய மேலாளரின் அறைக்குள் புகுந்தார். மேலாளர் மேனகா, முப்பது வயதிருக்கும். பெயரை வைத்து எந்தக் கதவு என்று தென்னரசு பலமுறை யோசித்துத் தோற்றிருக்கிறார்.

“எங்கம்மா செத்துட்டாங்க,” என்று கத்தினார். “ஒரு தொட்டியில கூழ் வெக்கத் துப்பில்லாம எதுக்குடா கம்பெனி நடத்துறீங்க? கேஸ் போடுவேன். எல்லாரையும் தெருவுல நிறுத்துவேன்.”

மேனகா எழுந்து நின்றாள். கதவைச் சாத்திவிட்டு, “என்கூட வாங்க சார்” என்றாள்.

மூன்று கதவுகளுக்கும் பின்னால் ஒரு குறுகலான நடை இருந்தது. அதன் முடிவில் கண்ணாடிச் சுவர். சுவருக்கு அப்பால் ஒரு பெரிய தொட்டி. மூன்று கதவுகளிலிருந்தும் மூன்று குழாய்கள் வந்து அதே தொட்டியில் இறங்கின. உள்ளே சாம்பல் நிறத்தில் கூழ் சோம்பலாகச் சுழன்றுகொண்டிருந்தது.

தென்னரசு மற்ற இரண்டு தொட்டிகளைத் தேடினார்.

“ஒண்ணுதான் சார். முதல் நாள்லேருந்தே ஒண்ணுதான். எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். மூணு தொட்டி வெக்கிறதுக்கு எந்த ஊர் நிலையத்துலயும் இடம் கிடையாது. கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சாங்க.”

“அப்ப... நான்...”

“பதினஞ்சு வருஷமா தினம் போய் வர்றீங்க. எல்லாரும்தான்.”

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். அம்மாவைப் போலவே நீண்ட விரல்கள். வலது கட்டைவிரலில் சின்ன வயதில் அரிவாள்மணை பட்ட தழும்பு. எதுவும் மாறியிருக்கவில்லை.

“கூழ் இருந்துச்சா?” என்றார். “நான் உக்காந்திருந்தப்போ, அருப்புக்கோட்டையில கூழ் இருந்துச்சா?”

“முக்கால் தொட்டி இருந்துச்சு.”

“அப்ப ஏன் விடலை?”

“பலகையில வர்றது கம்ப்யூட்டர் போடுற வெறும் எண்ணிக்கை சார். பச்சை எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் போனாங்கன்னு. மாசா மாசம் உங்க சங்கத்து ஆளுங்க வந்து அதைச் சரிபார்க்கிறாங்க. இருப்பு இல்லாம ஒரு பச்சையை வார்த்தா, எங்கேருந்து கூழ் வந்துச்சுன்னு கேப்பாங்க. மாட்டிக்குவோம். இன்னிக்குத் திறந்து விட்டுரலாம்னு நாலு தடவை எந்திரிச்சேன். பயந்து பயந்து உக்காந்துட்டேன்.” மேனகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “என் வேலை போனாலும் பரவாயில்ல சார். நீங்க தலைவர். இழந்தவர். நீங்க வெளியில போய் ஒரு வார்த்தை சொன்னா ஊரே நம்பும். இந்த நிமிஷமே எண்ணிக்கையை எடுத்துடறேன். இனிமே யாரும் அந்த நாற்காலியில உக்காந்து காத்திருக்க வேண்டாம்.”

தென்னரசு கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார். தோள்கள் குலுங்கின. “அம்மா” என்று ஒருமுறை சத்தமாகவே அழுதார்.

அழுது முடித்துக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது மேடையில் பேசும் முகம் பாதி வந்திருந்தது.

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“இங்க எனக்கு மட்டும்தான் சார்.”

“மஞ்சக் கதவுக்காரங்களுக்கு?”

“தெரியாது.”

“தெரிய வேணாம்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “நம்ம ஜனங்க தாங்க மாட்டாங்க. கதவு அப்படியே இருக்கட்டும். எண்ணிக்கையும் இருக்கட்டும். ஆனா ஒண்ணு செய்யுங்க.”

“சொல்லுங்க சார்.”

“பச்சைக்கு மட்டும் இருப்பைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு வைங்க. சரிபார்க்க வர்றவங்களை நான் பாத்துக்கறேன். நம்மவங்க இனி யாரும் என்னை மாதிரித் தவிக்கக்கூடாது.”

மேனகா நடையின் விளக்கை அணைத்தாள்.

வெளியே மூன்று கதவுகளும் திறந்திருந்தன. நீலத்தில் ஆளே இல்லை. பச்சையின் முன்னால், துக்கத்துக்குக் கிளம்பியவர்களும் ஊருக்குக் காத்திருந்தவர்களுமாக நீண்ட வரிசை. தலைவரைப் பார்த்ததும் அனுதாபத்தோடு வழிவிட்டார்கள்.

“பரவாயில்லப்பா, முறைப்படியே வர்றேன்,” என்று சொல்லிவிட்டுத் தென்னரசு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.