ஒன்பது கரண்டி நார்த்தூள்

“முப்பத்தெட்டு” என்றது தமயந்தி வீட்டுக் கழிவறையிலிருந்த குடல்மானி. “நேற்றைவிட நான்கு குறைவு. இன்று முதல் ஒன்பது கரண்டி.”

சுவரிலிருந்த குழாய் ஒன்பது கரண்டி நார்த்தூளைத் தம்ளரில் கொட்டியது. தமயந்தி பல்லைக் கடித்தாள். மூன்று கரண்டியில் தொடங்கியது ஐந்தாயிற்று, ஏழாயிற்று. வயிறு மட்டும் கல்லாகவே கிடந்தது. நான்கு நாளாக அவள் வெளிக்குப் போகவில்லை.

குடல் கெட்டால் கவனம் கெடும் என்று ஆய்வில் கண்டுபிடித்தார்களாம். அதனால் பேருந்து ஓட்டுகிறவர்களின் குடலையும் அரசே கவனித்துக்கொண்டது. மதிப்பெண் ஐம்பதுக்குக் கீழே ஒரு வாரம் நின்றால் உரிமம் ரத்து. தமயந்திக்கு இது மூன்றாவது நாள். பதினோரு வருடமாக ஓட்டுகிறாள். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை.

வேலை முடிந்ததும் குடல்நல அதிகாரி கேசவமூர்த்தியின் அறைக்கு நேரே போனாள்.

“பத்துக் கரண்டி ஆக்கிடலாம்மா” என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“நாரை மட்டும் ஏத்துனா போதுங்களா சார்? தண்ணி இல்லாமத் தின்னா அது வயித்துக்குள்ள சிமெண்டாட்டம் இறுகிப் போயிருதுங்க.”

“அப்ப தண்ணி குடிங்க. யார் வேண்டாங்கறா?”

“குடிச்சா எங்கீங்க போறது? அஞ்சு மணிக்கு வண்டியெடுத்தா ரெண்டு மணிக்குத்தான் எறங்குறோம். ரெண்டு முனையத்துலயும் ஒரு கக்கூஸ் கெடையாது. ஆம்பளைங்க செவுத்தோரமா நின்னுக்கறாங்க. பொம்பளைங்க நாங்க காலைலருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம ஓட்டறோமுங்க.”

கேசவமூர்த்தி நெளிந்தார். “அது கட்டுமானப் பிரிவும்மா. நம்மளுது குடல் மட்டுந்தான்.”

தமயந்திக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அவள் குடலுக்குள் என்ன நகர்கிறது என்று நாள் தவறாமல் எட்டிப் பார்க்கத் துப்பிருக்கிறது, நாலு சுவர் எழுப்பத் துப்பில்லை! மேசைமேல் இருந்த அவருடைய தண்ணீர்ப் புட்டியை எடுத்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

மறுநாள் ஓட்டும்போதும் வயிறு நிறையக் குடித்தாள். அதிகாரியின் அலுவலகம் அவள் தடத்திலேயேதான் இருந்தது. வாசலில் பேருந்தை நிறுத்தினாள். பயணிகளிடம், “அஞ்சே நிமிசமுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கேசவமூர்த்தியின் தனிக் கழிவறையில் நுழைந்து தாழிட்டாள்.

சேதி பரவியது. சக ஓட்டுநர் ஜெரினா வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். நான்கே நாளில் அந்தத் தடத்துப் பெண் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அங்கே இறங்கினார்கள்.

“இது என் சொந்த உபயோகத்துக்கும்மா!” என்று கத்தினார் கேசவமூர்த்தி.

“கட்டுமானப் பிரிவுல சொல்லுங்க சார்” என்றாள் ஜெரினா.

நீர் சேர்ந்ததும் நார் தன் வேலையைச் செய்தது. ஏழாம் நாள் தமயந்தியின் மதிப்பெண் ஐம்பத்தாறு. உரிமம் தப்பியது.

பத்தாம் நாள் காலை அவள் வழக்கம்போல நிறுத்தியபோது கேசவமூர்த்தி வாசற்படியில் நின்றிருந்தார். எல்லோருக்கும் திறந்த அலுவலகக் கதவு அவருக்கு மட்டும் திறக்கவில்லை. ஓட்டுநர்களுக்கான சட்டத்தை அதிகாரிகளுக்கும் நீட்டிக்கச் சிபாரிசு செய்தவரே அவர்தான். தனிக் கழிவறை என்பதால் அங்கிருந்த குடல்மானி ஆளைப் பிரித்துப் பார்ப்பதில்லை. யார் உட்கார்ந்தாலும் அவர் கணக்குதான்.

கைக்கருவியை அவளிடம் நீட்டினார். ‘ஒரே நாளில் முப்பத்தொரு முறை. கடும் பேதி. பணிக்குத் தகுதியில்லை.’

“நான் போகவே இல்லம்மா! எல்லாம் நீங்கதான்!”

“அத மெசின்கிட்டச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்குது. ரெண்டு முனையத்துலயும் கக்கூஸ் கட்ட இப்பவே உத்தரவு போடறேன், பாருங்க.” பரபரவென்று கருவியில் கட்டைவிரலை வைத்தார்.

இத்தனை நாளும் அந்த அதிகாரம் இவர் விரலில்தானா இருந்தது! தமயந்திக்கு அவரை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது.

கருவி சிவந்தது. ‘தகுதியற்றவரின் ஒப்பம் செல்லாது. முதலில் குடலைச் சரிசெய்துகொள்ளவும்.’

கேசவமூர்த்தியின் குரல் இறங்கிவிட்டது. “ஒரு வாரம் யாரும் அந்தப் பக்கம் வராம இருந்தீங்கன்னா என் மதிப்பெண் ஏறிடும். ஏறுன உடனே கையெழுத்துப் போட்டுடறேன்மா.”

“ஒரு வாரம் அடக்கிக்கிட்டு ஓட்டச் சொல்றீங்களா சார்?”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஜெரினாவின் பேருந்து வந்து நின்றது. அவள் குதித்திறங்கி, இருவரையும் தாண்டி, விறுவிறுவென்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கேசவமூர்த்தியின் கைக்கருவி மறுபடியும் சிவந்தது.