கழுதை சாகவில்லை, மிஸ்!

ஐந்துக்குப் பூஜ்யம்! அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்திலேயே சிவப்பு மையில், "பாடத்தை ஒழுங்காகப் படிக்கவும்" என்று ஆங்கில மிஸ் எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் நாங்கள் நாற்பது பேர். அந்தக் கதையை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான்!

ஒரு தபால்காரர், அவருடைய கிழட்டுக் கழுதை. இதுதான் கதை. கடிதப் பைகளைச் சுமந்துகொண்டு மலை ஏறும்போது, பாதி வழியில் கழுதை தொப்பென்று படுத்துவிடும். எவ்வளவு கூப்பிட்டாலும் அசையாது. தபால்காரர் தேம்பித் தேம்பி அழுவார்.

'கதையின் முடிவைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியது?' என்பது கேள்வி. 'சிரிப்பு வந்தது' என்று நான் எழுதினேன். மற்ற எல்லோரும் 'கழுதை இறந்ததால் பெருந்துயரம்' என்று எழுதி, ஐந்துக்கு ஐந்து வாங்கியிருந்தார்கள்.

"மிஸ், கழுதை சாகவே இல்ல மிஸ்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"நான் குடுத்த நோட்ஸ்ல என்னம்மா இருக்கு?" என்றார் மிஸ்.

"செத்துடுச்சுன்னு இருக்கு. ஆனா..."

"அதையே எழுதேன். திங்கக்கிழமை பெரிய பரீட்சை. அதுலயும் இந்தக் கேள்வி வரும். சிரிப்பு கிரிப்புன்னு எழுதி மார்க்கைக் கோட்டை விடாதே."

மணி அடித்தது. புத்தகங்களை அள்ளிக்கொண்டு மிஸ் போய்விட்டார்.

வீட்டில் அண்ணனிடம் புலம்பினேன். அவனும் இதே மிஸ்ஸிடம் படித்தவன்தான்.

"எங்களுக்கும் அதே நோட்ஸ்தான். நாலு வருஷமா அந்தக் கழுதை செத்துக்கிட்டேதான் இருக்கு. நீயும் கொன்னுட்டு மார்க்கை வாங்கிட்டுப் போயேன்டி!"

ஒரு தாளை எடுத்து, 'கழுதை இறந்தது' என்று எழுதிப் பார்த்தேன். உடனே அடித்தேன். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது. உயிரோடு இருக்கிற கழுதையை ஐந்து மார்க்குக்காகக் கொல்வதா! என்னால் முடியாது.

மறுநாள் பக்கத்தில் உட்காரும் வாயாடியைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்லு. கதையைப் படிச்சியா?"

"படிச்சேனே! இதோ, இந்தப் படத்தோட முடிஞ்சுபோச்சு."

ஒரு பக்கம் முழுக்க மலைப்பாதையின் படம். "அடுத்த பக்கத்தைத் திருப்பினியா?"

"படம் வந்தா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். பின்னாடி கேள்விதான் இருக்கும். அதுக்குத்தான் நோட்ஸ் இருக்கே!"

தலையில் அடித்துக்கொண்டேன். நோட்ஸ் எழுதிய மகராசரும் படத்தோடு நின்றிருக்கிறார்! கத்தித் தீர்க்கலாம் போல இருந்தது. ஆனால் கத்தினால் மறுபடியும் சிரிப்பார்கள்.

ஆங்கில வகுப்பில் கையைத் தூக்கினேன். "மிஸ், கழுதைக் கதையை ஒரு தடவை வாசிக்கட்டுமா?"

"சரி, வேகமா வாசி."

வாசித்தேன். எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். படம் வந்தது.

"முடிஞ்சுது, உட்காரு" என்றார் மிஸ்.

"முடியல மிஸ். எல்லாரும் ஒரு பக்கம் திருப்புங்க. இனிமே நான் வாசிக்க மாட்டேன். நீங்களே படிங்க!"

தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. மிஸ்ஸும் திருப்பினார்.

அங்கே கழுதை ஒரு கண்ணைத் திறக்கும். ஒரு தும்மல் போடும். அழுதுகொண்டிருக்கும் தபால்காரரின் தொப்பியைப் பிடுங்கி மென்று தின்றுவிட்டு, நிதானமாக எழுந்து மலை ஏறும்.

முதலில் வாயாடி சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது. மிஸ் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"இது எனக்கு முன்னாடி இருந்த டீச்சரோட நோட்ஸ்" என்றார் மெதுவாக. "நான் அதை நம்பிட்டேன். இந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல. தப்பு என்னோடதுதான்மா."

என் தாளை வாங்கி, பூஜ்யத்தை அடித்து ஐந்து போட்டார். உடனே வகுப்பில் சிரிப்பு நின்றது.

"அப்போ எங்க மார்க் போச்சா மிஸ்?" என்றாள் வாயாடி. அவள் கண் கலங்கியிருந்தது.

மிஸ் என்னைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

நேற்று என்னைப் பார்த்து எப்படிச் சிரித்தார்கள்! எல்லோருக்கும் பூஜ்யம் போடச் சொல்ல வாய் துறுதுறுத்தது. வாயாடியைப் பார்த்தேன். மனம் வரவில்லை.

"அவங்க மார்க்கை அப்படியே விட்டுடுங்க மிஸ். திங்கக்கிழமை யாரும் கழுதையைக் கொல்லாம இருந்தாப் போதும்."

யாரும் கொல்லவில்லை.