மூன்று மத்தியானங்கள்

"அந்தப் பிள்ளையை சஸ்பென்ட் பண்ணுங்கோ டீச்சர். உடனை."

மழையில் நனைந்த ஜாக்கெட்டோடு வகுப்பறை வாசலில் நின்றான் அவன். கையில் உடைந்த மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் ஏழாம் வகுப்பு பவ்யா விம்மிக்கொண்டிருந்தாள். ஆசிரியை அட்சயா நிமிர்ந்து பார்த்தாள்... கோபத்திலும் இப்படிக் கலங்குமா ஒருவனுடைய கண்கள்?

"நீங்கள்...?"

"பவ்யாவின்ரை மாமா. றொய்சன். அக்கா வேலையிலை."

"சீமோன் அடிச்சது பிழைதான். ஆனா வீட்டை அனுப்பினால் அதே கோபத்தோடதான் திரும்பி வருவாள். மூண்டு மத்தியானம் ரெண்டு பேரும் என்னோட இருந்து கதைக்கட்டும்."

"கதைச்சால் கண்ணாடி ஒட்டுமோ?"

"ஒட்டாது. அதுக்காக நான் விடப்போறதில்லை."

மறுநாள் அதிபரின் மேசையில் அவனது முறைப்பாட்டுக் கடிதம் இருந்தது. 'இந்த ஆசிரியைக்குப் பிள்ளைகளின் பாதுகாப்பில் அக்கறையில்லை.' அந்த வரி அவளைச் சுட்டது. எட்டு வருடத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சஸ்பென்ட் செய்வதே நல்லது என்றார் அதிபர். மூன்று நாள் மட்டும் கேட்டு வாங்கினாள் அட்சயா.

கதிரைகளை வட்டமாகப் போட்டு இருவரையும் உட்காரவைத்தாள். ஒருத்தி பேச, மற்றவள் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்லலாம். அதுதான் அவள் வைத்த விதி. முதல் மத்தியானம் இருவரும் வாயே திறக்கவில்லை. இரண்டாம் நாள் சீமோன் அழுதுவிட்டாள். அவள் திக்கித் திக்கி வாசித்ததைப் பவ்யா படம்பிடித்து வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். அதைத் தன் வாயாலேயே திருப்பிச் சொல்ல வேண்டி வந்தபோது பவ்யாவின் குரல் உடைந்தது.

மூன்றாம் நாள் மாமாவைத் தானே வரச் சொன்னாள் பவ்யா. எல்லாவற்றையும் சொன்னாள்.

"உந்த வேலையை நீயோ செய்தனி?"

"ஓம் மாமா. நான்தான் ஸ்டார்ட் பண்ணினன்."

றொய்சனின் முகம் கறுத்தது. திரும்பி விறுவிறுவென்று வெளியேறினான். நெஞ்சு முழுக்க அகங்காரம் என்று நினைத்தாள் அட்சயா... ஆனாலும் ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே, மழைக்குள், மகளை அழைத்துப்போக வந்த சீமோனின் தாயிடம் அவன் தலை குனிந்து பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு கிழமை கழித்து வந்தான்.

"கடிதத்தைத் திருப்பி எடுத்திட்டன். வர வெக்கமா இருந்தது, அதுதான் சுணங்கிப்போச்சு. நான் பஸ் ஓட்டுறன் டீச்சர், மத்தியானத்திலை ரெண்டு மணித்தியாலம் சும்மா இருப்பன். உங்கடை வட்டத்திலை எனக்கும் ஒரு கதிரை கிடைக்குமோ?"

"கோபக்காரருக்கோ?"

"அவைக்குத்தானே தேவை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மற்றப் பிள்ளைகளும் சேர, வட்டம் புதன்கிழமைகளில் தொடர்ந்தது. பனிக்காலம் முழுக்க அவனும் வந்தான். பஸ்ஸில் சண்டை பிடிப்பவர்களை எப்படிச் சமாளிக்கிறான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னான். மார்ச்சில் ஒருநாள் மெல்லக் கேட்டான். "கோப்பி குடிக்கப் போவமோ?"

"பவ்யா என்ரை வகுப்பிலை இருக்கிறவரைக்கும் இல்லை." அதைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்...

அவன் பிறகு கேட்கவேயில்லை. புதன்கிழமைகளை மட்டும் தவறவிடவில்லை.

ஜூன் மாதக் கடைசிப் பள்ளி நாள். பிள்ளைகள் போய்விட்டார்கள். பவ்யாவைக் காரில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தவனை நோக்கி அட்சயா தானே நடந்தாள்.

"றொய்சன், எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கனநாளா."

அவன் கண்கள் நிறைந்தன.

"எனக்கும்தான் அட்சயா. அக்காவிட்டைச் சொல்லட்டோ?"

கார்க் கண்ணாடி மெல்ல இறங்கியது.

"அம்மாவுக்கு நான் எப்பவோ சொல்லிட்டன் மாமா" என்றாள் பவ்யா.