என்ஜின் வாயில் ஒரு கை

மைதம் வேலையில் சேர்ந்த அன்று காலையும் தெருவில் மின்சாரம் இல்லை. ஈராக்கின் பஸ்ராவில் ஜூலை மாதத்து அரசாங்க மின்சாரம் சம்பந்தி வீட்டு விருந்தாளி மாதிரி. வந்தால் வந்தது, ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க முடியாது. ஆகவே தெருமுனையில் தகரக் கொட்டகைக்குள் உறுமிக்கொண்டிருக்கும் அபூ கஸ்வானின் டீசல் ஜெனரேட்டர்தான் எல்லோருக்கும் விசிறி, விளக்கு, குளிர்சாதனப் பெட்டி.

அவன் கையில் சிவப்பு நிறக் கருவிப் பெட்டி, புத்தம் புதிது. விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. தெரு அதைத்தான் முதலில் பார்த்தது. தொழிற்கல்லூரியில் டீசல் என்ஜின் படித்துப் பட்டயம் வாங்கி, அரசாங்க வேலை வரும் வரும் என்று மீசையைத் தடவிக்கொண்டு வீட்டில் இருந்தவன். இப்போது தொழிலில் இறங்குகிறானாம்.

"உஸ்தா வர்றாரு, வழி விடுங்க," என்றாள் உம்மு ஷத்தா, அவன் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அந்தத் தெருவில் பூனைகூட அவளுக்குத் தெரியாமல் குட்டி போடாது. உஸ்தா என்றால் கைதேர்ந்த மெக்கானிக். அந்தப் பட்டத்தை அவள் சொன்ன விதத்தில் மைதமின் காது சிவந்தது.

"இன்னும் இல்ல அம்மா. ஆனதும் நீங்களே கூப்பிடுவீங்க."

"கூப்பிடுறேன் மவனே. இதுக்கு முன்னாடி வந்தவன் மத்தியானம் வரைக்கும்கூட இருக்கல. பெட்டிய விட்டுட்டே ஓடினான்."

முதலாளி அபூ கஸ்வான் தொப்பையைச் சொறிந்தபடி நிபந்தனைகளைச் சொன்னார். சம்பளம் சொல்லும்படியாக இல்லை. ஆனால் மைதம் வீட்டுக்குத் தங்க லைன் உண்டு. மற்ற வீடுகளுக்கு ஜெனரேட்டர் சில மணி நேரம்தான். தங்க லைன்காரர்களுக்கு இரவும் பகலும். மைதம் அதற்காகத்தான் வந்தான். வீட்டில் அவன் அப்பா அப்துல் ஸஹ்ரா, நுரையீரல் கெட்டுப்போய், மின்சாரத்தில் ஓடும் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். ஜெனரேட்டர் நின்றால் அந்த இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் அவர் நிற்பார். அவசரத்துக்குக் கட்டிலின் அடியில் ஒரு சிலிண்டர் உண்டு. அதைத் திறந்துவிடும் பொறுப்பை உம்மு ஷத்தா ஏற்றுக்கொண்டிருந்தாள். பிறர் வீட்டுக்குள் நுழைய அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

"முந்தி இருந்த உஸ்தா ஃபாலிஹ் எதுல போனாரு?" மைதம் கேட்டான்.

"மாரடைப்பு," என்றார் முதலாளி, அவன் முகத்தைப் பார்க்காமல்.

தெரு வேறு மாதிரிச் சொல்லும். போன கோடையில் ஒரு நடுப்பகல் என்ஜின் வெறி பிடித்து ஓடியது. டீசலை மூடியும் நிற்கவில்லை. உள்ளே ரப்பர் தேய்ந்துபோன என்ஜின் தன் எண்ணெயையே குடித்துக்கொண்டு ஓடும். அப்போது அதை நிறுத்த ஒரே வழி, காற்று போகும் வாயை அடைப்பது. ஃபாலிஹ் அடைக்க எதையும் தேடவில்லை. கையையே வைத்தார். என்ஜின் நின்றது. அவரும் நின்றார். இரண்டு பேர் சேர்ந்துதான் அந்தக் கையைப் பிரித்தெடுத்தார்களாம்.

மைதம் அதையெல்லாம் சிரித்துத் தள்ளினான். படித்தவன்.

கொட்டகைக்குள் டீசலும் வெந்த ரப்பரும் மணத்தன. என்ஜின் மேல் ஆண்டுக்கணக்கில் அழுக்கு. வேலையைச் சுத்தமாக ஆரம்பிக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. கழிவுத் துணியை டீசலில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தான். காற்று வடிகட்டியின் மூடியில் ஓர் உள்ளங்கைத் தடம் இருந்தது. காய்ந்த பழுப்பு நிறம். ஐந்து விரல்கள், மோதிர விரல் மட்டும் பாதி.

புது என்ஜினோ புது வண்டியோ வாங்கினால் கிடா அறுத்து, ரத்தத்தில் கையை முக்கி அதன் மேல் பதிப்பது வழக்கம்தான். மைதமும் அப்படித்தான் நினைத்தான். முதலாளிக்கு விரல்கள் பத்தும் முழுசாக இருந்தது அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

தேய்த்தான். போகவில்லை. கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்தான். மூடியின் விளிம்பு அவன் வலது உள்ளங்கையைக் குறுக்கே கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தேய்த்தான்.

போய்விட்டது.

பக்கத்துச் சுவரில் ஆணியில் ஒரு கறுத்த பலகை தொங்கியது. அதையும் மற்ற குப்பையோடு வெளியே போட்டான். உம்மு ஷத்தா ரொட்டி அடுப்புக்கு ஆகும் என்று பொறுக்கிக்கொள்ள வந்தவள், பளபளக்கும் மூடியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"கைய அழிச்சிட்டியா?"

"அழுக்கு அம்மா."

"அது ஃபாலிஹோட கை. அவருக்குத்தான் அந்த விரல் பாதி. செத்தும் அவருதான் இந்தச் சனியனப் பிடிச்சு வச்சிருக்காருன்னு முதலாளியே தொட மாட்டாரு."

"என்ஜின் கையில ஓடல அம்மா, டீசல்ல ஓடுது."

"சரிங்க உஸ்தா," என்றாள். பலகையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் வந்தது. தொழுகை முடிந்து, சாப்பிட்டு, தெரு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டது. வெயிலில் தார் இளகியது. கால்வாயின் நாற்றம் காற்றில்லாமல் அப்படியே நின்றது. மைதம் மாங்காய்த் தொக்கு தடவிய ரொட்டியைக் கடித்தபடி என்ஜினுக்குக் காது கொடுத்திருந்தான்.

சீரான ஓட்டம்.

பிறகு ஓர் இடறல்.

என்ஜின் மூச்சை இழுத்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டது. யோசிப்பதுபோல் ஒரு கணம். பிறகு விட்டது.

வடிகட்டி அடைத்திருக்கும் என்று நிறுத்தினான். நிறுத்தும் முன்பே அப்பாவுக்குச் சிலிண்டர் திறக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். அதெல்லாம் பொறுப்பான பிள்ளை. வடிகட்டி சுத்தமாகத்தான் இருந்தது. அதிலிருந்து என்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தான்.

குழாயின் உட்சுவரில் ஓர் உள்ளங்கைத் தடம்.

ஈரம் காயாத கறுப்பு எண்ணெய். மோதிர விரல் பாதி.

அந்தக் குழாய்க்குள் ஒரு குழந்தையின் கைகூட விரிந்து பதிய இடம் இல்லை.

துடைத்தான். துணியில் எதுவும் ஒட்டவில்லை. மாட்டினான், ஓடவிட்டான், வீட்டுக்கு விரைந்தான். அப்பா விழித்திருந்தார். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. மூக்கில் குழாய், அருகில் இயந்திரம் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது.

"டேய் மைதம். இந்தக் குழாய்ல டீசல் வாசன வருது."

"என் சட்டையில யப்பா. மாத்திக்கிறேன்."

"உன் சட்ட இல்ல." ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "ஃபாலிஹ் வந்தாரு. நல்ல மனுஷன். ரொம்ப இளைச்சுட்டாரு. மூச்சு கேட்டாரு."

"என்னது?"

"மூச்சு. கொஞ்சம் குடுன்னாரு. அவருக்கு இல்லயாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். "வீடு தேடி வந்தவர்கிட்ட இல்லன்னா சொல்ல முடியும்?"

மைதம் நேரே முதலாளியிடம் போனான். வேலை வேண்டாம் என்றான். அபூ கஸ்வான் தேநீரில் சர்க்கரையைக் கலக்கினார்.

"வேணாம்னா விடு மவனே. நான் என்ன கயிறு போட்டா கட்டி வச்சிருக்கேன். ராத்திரிக்கு உன் வீட்டு லைன மட்டும் பிடுங்கிடுவேன், அவ்வளவுதான்."

மறுநாள் காலையிலும் மைதம் கொட்டகையில்தான் இருந்தான். தெரு இதையும் பார்த்தது. "பரவாயில்ல, தாங்குறானே," என்றது.

அன்றும் மத்தியானம்தான்.

முதலில் என்ஜினின் சுருதி ஏறியது. கொட்டகைத் தகரம் நடுங்கியது. மைதம் டீசல் வால்வை மூடினான்.

ஏறியது.

டீசல் குழாயையே பிடுங்கினான். அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அடுத்த சொட்டு இல்லை. என்ஜின் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புகைபோக்கி நீலப் புகையைக் கக்கியது. தெருவில் விளக்குகள் கண்ணைப் பறித்தன, விசிறிகள் ஊளையிட்டன, எங்கோ ஒரு பல்பு வெடித்தது.

இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறான். காற்றை அடை. தட்டையான பலகையால் அடை, கையை வைக்காதே.

பலகை.

ஆணி மட்டும் சுவரில் இருந்தது. ஃபாலிஹ் போன பிறகு முதலாளி இதற்காகவே மாட்டி வைத்திருந்த பலகை, உம்மு ஷத்தாவின் அடுப்பில் நேற்றே ரொட்டி சுட்டுவிட்டது.

"சிலிண்டரத் திறங்க," என்று வாசல் பக்கம் கத்தினான். தெருவில் உம்மு ஷத்தா செருப்பில்லாமல் அவன் வீட்டுக்கு ஓடுவது தெரிந்தது. அது போதும். சிலிண்டர் இருக்கிறது, அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. என்ஜின் வெடித்தால்தான் எல்லாம் போகும். ரப்பர் குழாயைக் கழற்றி எறிந்தான். என்ஜினின் வாய் திறந்து காற்றை உறிஞ்சியது. சட்டையைச் சுருட்டி வைத்தான், விழுங்கியது. காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பை மடித்து வாயில் வைத்து, வலது கையால் அழுத்தினான். முழு உடம்பாலும் அழுத்தினான்.

என்ஜின் திணறியது.

உள்ளே இருந்து, விரிப்பின் அடியில், ஏதோ மேலே வந்தது. அவன் கைக்கு நேராக வந்து நின்றது. விரல் விரலாகப் பொருந்தியது.

மோதிர விரலுக்கு நேராக மட்டும் பாதியில் ஒன்றுமில்லை.

தள்ளவில்லை அது. பிடித்துக்கொண்டது. மூழ்குகிறவன் கரையைப் பிடிப்பதுபோல். விடு என்று மைதம் முனகினான். அது இன்னும் கெட்டியாக இழுத்தது. அவன் இன்னும் கெட்டியாக அழுத்தினான். விரிப்புக்கு அடியில் யாரோ துடிப்பதுபோல் இருந்தது. ஒரு துடிப்பு. இன்னொன்று. பிறகு மெலிதாக ஒன்று.

நின்றுவிட்டது.

தெருவில் ஒரு சத்தம் இல்லை. விசிறி இல்லை, குளிர்பெட்டி இல்லை, ஈயின் ரீங்காரம்கூட இல்லை. அந்த அமைதியில் அவன் கை தானாகப் பிரிந்து வந்தது. கட்டுத் துணி அவிழ்ந்து, உள்ளங்கைக் காயம் வாய் பிளந்திருந்தது.

அவன் வீட்டு வாசலில் உம்மு ஷத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சிலிண்டர் திறந்தீங்களா?"

"திறந்தேன். நல்லாத்தான் வந்துச்சு. நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு." அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். "அப்புறம் திடீர்னு திணறினாரு. யாரோ அமுக்குற மாதிரி. நான் பக்கத்துலதான் நிக்கிறேன், அங்க யாரும் இல்ல."

சிலிண்டர் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. அப்பாவின் வாயையும் மூக்கையும் மூடிக் கறுப்பு எண்ணெயில் ஓர் உள்ளங்கைத் தடம் பதிந்திருந்தது. மைதம் குனிந்து விரல்களைப் பார்த்தான்.

ஐந்தும் முழுசாக இருந்தன.

உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடு ஓடியது.

குளிப்பாட்டியவர்கள் தேய்த்தும் அது போகவில்லை. அதோடுதான் அவரைப் புனித நகரமான நஜஃபுக்குக் கொண்டுபோய் அடக்கினார்கள். மூன்று நாள் துக்கம் முடிந்ததும் மைதம் வேலைக்குத் திரும்பினான். ஏன் என்று தெரு கேட்டது. தெருவே பதிலும் சொல்லிக்கொண்டது. வேறு எங்கே போவான்? இப்போது எல்லோரும் அவனை உஸ்தா என்றுதான் கூப்பிடுகிறார்கள். உம்மு ஷத்தாவும். அதில் கேலி இல்லை. அவனும் திரும்பிப் பார்ப்பதில்லை. வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே நடக்கிறான்.

வடிகட்டி மூடியில் மறுபடி ஒரு தடம் இருக்கிறது. அதை யாரும் துடைப்பதில்லை.

போன வாரம் எண்ணெய் மாற்ற என்ஜினை நிறுத்தினான். அரசாங்க மின்சாரமும் இல்லாத நடுப்பகல். ஊரே ஊமையாகிவிட்ட அந்த நேரத்தில் உம்மு ஷத்தாவின் காதில் சுவருக்கு அப்பாலிருந்து புஸ் புஸ்ஸென்று ஒரு சத்தம் விழுந்தது. சும்மா இருப்பாளா, சாவி அவளிடம்தானே இருக்கிறது. போய்ப் பார்த்தாள். காலிக் கட்டில். மூலையில் அந்த ஆக்ஸிஜன் இயந்திரம். அதன் மின்வடம் சுருட்டிக் கட்டி மேலே வைக்கப்பட்டிருந்தது.

தரையில் கிடந்த குழாயின் நுனியில் தூசி பறந்தது.

வெளியே அல்ல. உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது.