மார்புக்குள் ஒரு சோம்பு!

"மூடாதீங்க! பெட்டியை மூடாதீங்க! இது கொலை... போலீஸைக் கூப்பிடுங்க!"

அலறல்!

நோர்டர்ஹாவன் ஊரின் இறுதிச் சடங்கு மண்டபம் அப்படியே உறைந்தது. துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்த காபிக் கோப்பைகள் பாதி வழியில் நின்றன. வாயில் கேக்கோடு இருந்த ஒரு பெரியவர் மெல்லுவதையே மறந்துபோனார்.

பெட்டிக்குள் ஹெஸ்ஸல் போஸ்ட்மா. வயது அறுபத்தெட்டு. முப்பத்தாறு வருஷம், படகுகளுக்கு வழிவிட இந்த ஊர்க் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கின மனுஷன். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று ஆபரேஷனுக்குப் போனார். இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

முப்பத்தோராம் நாள் இறந்துபோனார்!

அலறியது அவருடைய ஒரே மகள் ஹிஸ்கே. தோளில் ஒரு மாதக் கைக்குழந்தை. எதிரே, துக்கம் விசாரிக்க வரிசையில் வந்த சர்ஜன் வான் பெம்மல். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்தான் அவர் ஹிஸ்கேயின் காதில் என்னவோ சொல்லியிருந்தார்.

என்ன சொன்னார்...?

இருபது நிமிஷத்தில் இன்ஸ்பெக்டர் ஹாம்ஸ்ட்ரா வந்துவிட்டார். மழையில். சைக்கிளில். ஆறடி நாலு அங்குல உடம்பு முழுக்கச் சொட்டச் சொட்ட.

"யாரும்மா கொன்னது?"

ஹிஸ்கே சர்ஜனைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"அடக்கம் இன்னிக்கு இல்லை," என்றார் ஹாம்ஸ்ட்ரா. "பெட்டி எங்க போலீஸ் டாக்டர்கிட்ட போகட்டும். சர்ஜன் சார், உங்க ரூமுக்குப் போய்ப் பேசலாமா?"

* * *

"அப்பா போன துக்கத்துல உளர்றா, இன்ஸ்பெக்டர்."

வான் பெம்மலின் அறை சுத்தமோ சுத்தம். மேஜையில் ஒரு தூசி இல்லை.

"உளர்றவங்க போலீஸைக் கூப்பிட மாட்டாங்க டாக்டர். அவ காதுல என்ன சொன்னீங்க?"

சர்ஜன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"புகார் எழுதப்போறாளாம். நாலாம் நாள் மறு ஆபரேஷன் பண்ண ஏன் அவ்வளவு லேட்டுன்னு கேக்கப்போறாளாம். எனக்குப் பொறுக்கலை. உண்மையைச் சொல்லிட்டேன்."

"எந்த உண்மை?"

டிராயரைத் திறந்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து வைத்தார். உள்ளே...

ஒரே ஒரு சோம்பு!

"இது அவர் நெஞ்சுக்குள்ள இருந்து எடுத்தது!"

ஹாம்ஸ்ட்ரா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"கெட்டுப்போன உணவுக்குழாயை வெட்டிட்டு, இரைப்பையை மேல இழுத்துத் தையல் போட்டேன். தையல் ஆறுற வரைக்கும் வாய் வழியா ஒரு பருக்கை போகக்கூடாது. சாப்பாடெல்லாம் வயித்துல வச்ச குழாய் வழியாத்தான். படுக்கைக்கு மேல இவ்வளவு பெரிய போர்டு மாட்டியிருந்தோம்."

"ஆனா?"

"நாலாம் நாள், இதே ஆஸ்பத்திரியில, கீழ் மாடியில அவருக்குப் பேத்தி பிறந்தா. மாப்பிள்ளை தட்டுத் தட்டா ரஸ்க் கொண்டுவந்து வார்டு முழுக்கக் குடுத்திருக்கான்."

ஹாம்ஸ்ட்ராவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. குழந்தை பிறந்தால் இந்த ஊரில் வெண்ணெய் தடவிய ரஸ்க். மேலே ரோஸும் வெள்ளையுமாகச் சோம்பு மிட்டாய். ரோஸ் என்றால் பெண் குழந்தை. நீட்டினால் வாங்கித் தின்றுதான் ஆகவேண்டும். வேண்டாம் என்றால் குழந்தையையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இங்கே முகம் சுண்டிப்போவார்கள்.

"யாரோ அதை அவர் வாயில வச்சிருக்காங்க. அவ்வளவுதான், தையல் கிழிஞ்சுது! சாயங்காலம் நாலு மணிக்குக் காய்ச்சல். நெஞ்சுக்குள்ள எச்சில், சீழ். மறுபடி திறந்தோம். அப்புறம் இருபத்தேழு நாள் ஐ.சி.யூ. முடியலை."

"யார் வச்சது?"

"அன்னிக்கு ட்யூட்டி நர்ஸ் யெல்லி. அவ பொழப்புல மண் போட வேணாம்னுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்."

ஆகா... எவ்வளவு பெரிய மனசு!

* * *

"நான்தான் குடுத்தேன். எழுதிக்கங்க."

யெல்லிக்கு இருபத்தாறு வயசு இருக்கும். வார்டுக்குப் பின்னால், துவைத்த போர்வைகள் அடுக்கிய அறையில் நின்றுகொண்டிருந்தாள். ஹாம்ஸ்ட்ரா உட்காரக்கூட இல்லை, அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"எத்தனை ரஸ்க் குடுத்தீங்க?"

"ஒண்ணு... இல்லை, ரெண்டு... ஒண்ணு."

"சிஸ்டர், பொய் சொல்றதுக்கும் கொஞ்சம் பயிற்சி வேணும். ஒண்ணா ரெண்டான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கணும்."

அவள் ஒரு போர்வையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லக்கூடாதுன்னுட்டார் சார்."

"யாரு, சர்ஜனா?"

"ஹெஸ்ஸல் ஐயா."

"அவர் எப்படிச் சொன்னார்? கழுத்துல ஓட்டை போட்டு மெஷின்ல இல்ல இருந்தார்?"

"சிலேட்ல எழுதுவார் சார். முழிப்பு வந்த முதல் நாளே எழுதினார். 'யார் குடுத்தாங்கன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. கேட்டது நான்.' எழுதின கையாலயே உடனே அழிச்சுட்டார். என் கையைப் பிடிச்சவர் விடவே இல்லை. நான் தலையாட்டின பிறகுதான் விட்டார்."

"ஆக, யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

யெல்லி போர்வையை மடித்து அடுக்கில் வைத்தாள்.

"உங்க வேலை போயிடும் சிஸ்டர். லைசென்ஸும் போயிடும்."

"போகட்டும் சார். தப்பு என்மேலயும் இருக்கு. நான் அவரை விட்டு நகர்ந்திருக்கக் கூடாது. காலையில எட்டு மணிக்கே முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்..."

ஹாம்ஸ்ட்ராவின் பேனா நின்றது.

"எத்தனை மணிக்கு?"

"எட்டு. நெஞ்சுல இருந்து வர்ற குழாய்ல தண்ணி கலங்கலா வந்துச்சு. மனசு கேக்கலை, பிடிச்சு லேப்புக்கு அனுப்பினேன். பெரிய டாக்டரைக் கேக்காம ஏன் அனுப்பினேன்னு அதுக்கும் திட்டு வாங்கினேன்."

"அழாதீங்க சிஸ்டர். லேப் எந்தப் பக்கம்?"

லேப்பில் அவர் இருந்தது ஐந்தே நிமிஷம். வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவர் மனைவி பார்த்திருந்தால், 'இன்னிக்கு எவனோ தொலைஞ்சான்' என்று சொல்லியிருப்பாள்.

* * *

மறுநாள் காலை பத்து மணி. கால்வாய் ஓரத்துச் செங்கல் வீடு.

கதவைத் திறந்த ஹிஸ்கே இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"வந்துட்டீங்களா? மாட்டுங்க சார். குழந்தையை அவங்கப்பா பார்த்துக்குவார். பால் காய்ச்சி வச்சுட்டேன்."

"என்னம்மா இது?"

"நேத்து நான் போலீஸைக் கூப்பிட்டது யாரைப் பிடிக்கன்னு நினைச்சீங்க? என்னைப் பிடிக்கத்தான் சார்! எங்கப்பாவைக் கொன்னது நான்!"

ஹாம்ஸ்ட்ரா எத்தனையோ வாக்குமூலம் கேட்டவர். இப்படி யாரும் கையை நீட்டியதில்லை.

"உள்ளே வந்து உக்காந்து பேசலாம்மா. கையை இறக்குங்க."

அவள் உட்கார்ந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பாப்பா பிறந்ததும் என்னைச் சக்கர நாற்காலியில மேல கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னால அப்பாகிட்ட காட்டணும்னு. மடியில வச்சேன். பாலம் தூக்கின அந்த முரட்டுக் கை ரெண்டும் அவளைப் பூ மாதிரி தாங்கிச்சு சார். 'மூக்கு என்னை மாதிரி, பாவம்'னார்."

சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

"நாலு நாளா வாயில ஒண்ணும் இல்லை. உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. என் கையில இருந்த தட்டைப் பார்த்தார். 'ஏன்டி, என் பேத்தி பிறந்ததுக்கு ஊரே திங்குது, நான் மட்டும் வேடிக்கை பார்க்கணுமா?'ன்னார். 'போர்டைப் பாருங்கப்பா'ன்னேன். 'கண்ணாடி இல்லாம எனக்கு எங்கடி படிக்க வருது?'ன்னார். சிரிச்சுட்டேன் சார். நானே ஊட்டிவிட்டேன். ஒரு கடி... ஒரே ஒரு கடி. மென்னு முழுங்கிட்டு, 'இப்பத்தான்டி நான் தாத்தா'ன்னார்."

ஹாம்ஸ்ட்ரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே மழை விட்டபாடில்லை.

"அப்புறம் இருபத்தேழு நாள், அந்த மெஷின் பக்கத்துல உக்காந்து கடவுளைத் திட்டினேன். 'ஏன் இப்படிப் பண்ணினே?'ன்னு. நேத்து அந்த டாக்டர் காதுல சொல்றார்... 'தையல் நல்லாத்தான் இருந்துச்சு, யாரோ தின்னக் குடுத்துட்டாங்க, உள்ளே சோம்பு கிடைச்சுது'ன்னு. என்னால இந்தக் குழந்தை மூஞ்சியைப் பார்க்க முடியலை சார்! பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு கடிதான் தெரியுது. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க!"

"கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னால ரெண்டு கேள்வி. பாப்பா எத்தனை மணிக்குப் பிறந்தா?"

"ஒன்பது நாற்பது."

"நீங்க மேல போனது?"

"மத்தியானம் ரெண்டு மணி. ஏன் சார்?"

ஹாம்ஸ்ட்ரா செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"வான் பெம்மல்."

"ஹாம்ஸ்ட்ரா பேசறேன் டாக்டர். ஹெஸ்ஸலுக்குக் காய்ச்சல் எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு சொன்னீங்க?"

"சாயங்காலம் நாலு மணி. ரஸ்க் தின்ன பிறகு. என் ரிப்போர்ட்லயே இருக்கு."

"உங்க ரிப்போர்ட்ல மட்டும்தான் அப்படி இருக்கு. நர்ஸ் சார்ட்ல காலை எட்டு மணின்னு இருக்கு. எட்டே காலுக்கு நெஞ்சுக் குழாய்த் தண்ணி லேப்புக்குப் போயிருக்கு. அதுல எச்சில் கலந்திருக்குன்னு ஒன்பது அஞ்சுக்கு லேப்ல இருந்து உங்களுக்கே போன் போயிருக்கு."

எதிர்முனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எச்சில் நெஞ்சுக்குள்ள எப்படி டாக்டர் போகும்? தையல் விட்டிருந்தாத்தானே?"

"நான் அப்போ... வேற ஒரு ஆபரேஷனுக்குக் கிளம்பிட்டிருந்தேன்..."

"'நாளைக்குப் பார்க்கலாம்'னு சொல்லியிருக்கீங்க. லேப்காரங்க பொல்லாதவங்க, அதையும் எழுதி வச்சிருக்காங்க. ஒன்பது அஞ்சுக்குப் பாப்பாவே பிறக்கலை டாக்டர்! பிறக்காத பாப்பாவுக்கு எவன் ரஸ்க் தூக்கிட்டு வருவான்?"

"நான் என் வக்கீல்கிட்ட..."

"தாராளமா பேசுங்க. உங்க அறை வாசல்ல என் ஆளுங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. அவங்க கூட நடந்துகிட்டே பேசுங்க."

போனை வைத்தார்.

ஹிஸ்கே எழுந்து நின்றிருந்தாள்.

"அப்போ... தையல்ல ஓட்டை..."

"நீங்க ஊட்டறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாலயே விழுந்தாச்சு. எங்க டாக்டரும் சார்ட்டைப் பார்த்துட்டு அதையேதான் சொல்றார். விஷயம் தெரிஞ்சும் அந்தாளு சும்மா இருந்தான். அப்புறம் சோம்பு கையில கிடைச்சதும் பழியைப் போட ஆள் கிடைச்சாச்சுன்னு குப்பியில போட்டு வச்சுக்கிட்டான்."

"ஆனா அந்தச் சோம்பு உள்ளே போனது நிஜம்தானே சார்? நான் குடுத்ததுதானே?"

"நிஜம்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அது நெஞ்சுக் குழாய்ல வந்து நின்னுச்சு. யெல்லி பார்த்துட்டுப் போட்ட கூச்சல்ல வார்டே கூடிடுச்சு. தின்ன சோம்பு நெஞ்சுக் குழாய்ல மிதக்குதுன்னா, அதுக்கப்புறம் எந்த டாக்டர் நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்ல முடியும்? உடனே திறந்தாங்க. அது மட்டும் வரலேன்னா உங்கப்பா மறுநாள் விடியறதைப் பார்த்திருக்க மாட்டார்னு எங்க டாக்டர் அடிச்சுச் சொல்றார்."

ஹிஸ்கே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தேழு நாள்..." என்றாள் மெல்ல. "அதுல பதினோரு நாள் நல்லா முழிச்சிருந்தார் சார். பேச முடியாது. தினமும் சிலேட்ல ஒரே கேள்விதான். 'இன்னிக்குப் பாப்பா சிரிச்சாளா?' நான் இல்லைன்னு தலையாட்டுவேன். கடைசிக்கு முந்தின நாள் அவர் விரலைப் பிடிச்சுக்கிட்டு லேசா உதட்டைச் சுழிச்சா. சிரிச்சுட்டா, சிரிச்சுட்டான்னு கத்தினேன். அதுக்கு மேல அவர் ஒண்ணும் எழுதவே இல்லை."

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. ஹிஸ்கே தயங்கினாள். நேற்றிலிருந்து அந்த முகத்தைப் பார்க்காமலே பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். போய்க் குனிந்தாள். தூக்கினாள். முகத்தோடு முகம் வைத்துக்கொண்டு வீடே அதிரும்படி அழுதாள்.

அழுது முடிக்கும்வரை ஹாம்ஸ்ட்ரா காத்திருந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார்.

"சார்..." என்றாள் பின்னாலிருந்து. "அப்போ நான் பண்ணினது தப்பே இல்லையா?"

ஹாம்ஸ்ட்ரா திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மழைத்தண்ணீர் என்று யாராவது நம்பினால் சரி.

"தப்புதான்மா. பெத்த அப்பனுக்கு, அதுவும் பேத்தி பிறந்த அன்னிக்கு, ஒரே ஒரு கடியோட நிறுத்துவாங்களா?"