கூட்டிச் சொன்ன நோய்

மூட்டை அசைந்தது மாதிரி இருந்தது. எலி என்றுதான் சங்கையா முதலில் எண்ணினார். எலிக்கு அவசரம் உண்டு, இதற்கு இல்லை. எழுபத்து நாலாம் வருஷத்து ஆடி மழையில், பகலிலேயே இருட்டிவிட்ட அவருடைய குமுளிச் சரக்குக் கிட்டங்கியில், ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கும், ஈரச் சாக்கோடு கலந்து தொண்டையைக் கரிக்கும் ஏலக்காய் வாசனைக்கும் நடுவே, சுவரோரம் நின்ற கடைசி மூட்டை மெல்ல உப்பி, மெல்லத் தணிந்தது.

இப்படி ஒன்றைச் சொன்னவரே அவர்தான்.

புருஷன் செத்தபின் அவர் தங்கை சந்தனம் பேச்சை நிறுத்தியிருந்தாள். சங்கையாவின் மகளைப் பெண் பார்க்கக் கம்பத்திலிருந்து ஆள் வரும் நேரம். வருகிறவர்கள் கண்ணில் இவள் படலாமா? மலைக்குக் கீழே ஒரு மனநோய் டாக்டரிடம் கூட்டிப்போனார். துக்கம் ஒரு வகை, பயம் ஒரு வகை, இல்லாததைக் காண்பதும் கேட்பதும் வேறு வகை என்று டாக்டர் பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். காலமெல்லாம் ஏலக்காயைச் சல்லடையில் தரம் பிரித்தவருக்கு அது உடனே விளங்கியது. எந்தச் சல்லடையில் நின்றால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொள்வார்கள் என்பதும் விளங்கியது.

"இது துக்கம்தான். வீட்டுல வச்சே பாத்துக்கலாம்," என்றார் டாக்டர்.

சரக்கு வேண்டாம் என்றவனிடம் சங்கையா சும்மா எழுந்து வந்ததே கிடையாது. கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

"எப்பவாச்சும் வாயத் தொறந்தா, மூட்டைக்குள்ள யாரோ மூச்சு விடுறாகன்னு சொல்லுதுங்கய்யா. அதையே பாத்துக்கிட்டுக் கெடக்கு."

டாக்டர் சந்தனத்தைப் பார்த்தார். சந்தனம் அண்ணனைப் பார்த்தாள். அவ்வளவுதான். தரம் மாறிவிட்டது.

மகள் கல்யாணம் முடிந்தது. ஆனியில் சந்தனம் அந்த ஆஸ்பத்திரியிலேயே காய்ச்சல் கண்டு செத்தாள். காரியம் முடித்துத் திரும்பியதிலிருந்து இந்த மூட்டை.

இப்போது அவர் தன்னோடே பேரம் பேசினார். இது நோய். டாக்டர் சொன்ன அதே வகை. நோய் என்றால் மாத்திரை உண்டு, கட்டில் உண்டு. தங்கைக்குச் செய்ததற்கு அவளுடைய நோயையே அனுபவிப்பது நியாயமான விலைதான். நோயாகவே இருக்கட்டும். வேறு எதுவாகவும் இருக்க வேண்டாம்.

உப்பியது. தணிந்தது. ஏலக்காய் வாசனைக்கு அடியில், நெடுநாள் திறக்காத வாயின் நாற்றம்.

காபித் தம்ளரோடு படியிறங்கி வந்தாள் மனைவி அழகுத்தாய்.

"என்ன, இப்பிடி வெளுத்துப்போய் நிக்கிறீக? ஏலக்கா வெல எறங்கிருச்சா?"

அவர் சுவரோரம் கையைக் காட்டினார்.

"அந்தக் கடைசி மூட்டையில கை வச்சுப் பாரு, அழகு. ஒண்ணுமில்லன்னு சொல்லு. நாளைக்கே டாக்டருகிட்டப் போயிருறேன்."

அவள் சிரித்தாள். தம்ளரைத் தராசுத் தட்டில் வைத்தாள். உள்ளங்கையை மூட்டைமேல் பதித்தாள்.

"ஒண்ணும்..."

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது.

சொல்லிவிடு. சொல்லிவிடு, அழகு.

அவள் கையை எடுக்கவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. அவள் உள்ளங்கை, வளையல்களோடு, மெல்ல உயர்ந்தது.

தாழ்ந்தது.

உயர்ந்தது.